கீழக்கரை காசுக்கடை: ரெண்டு வருஷமா வாங்கிட்டிருக்கேன், எழுதணும்னு தோணுச்சு

கீழக்கரையில ஒரு பழைய காசுக்கடை இருக்கு, போர்டு கிடையாது, வெளிய இருந்து பாத்தா சாதாரண வாட்ச் ரிப்பேர் கடை மாதிரிதான் இருக்கும், உள்ள போனா ஒரு மர பீரோ, ஒரு மேஜை, மேஜை மேல ஒரு குண்டு பல்பு விளக்கு, ஒரு குட்டி தராசு, ஒரு லென்ஸ், அம்புட்டுதான். கடைக்காரர எல்லாரும் காக்கான்னுதான் கூப்பிடுறாங்க, இந்த ஊரு முஸ்லிம் வீடுகள்ல அண்ணனுக்கு அதுதான் பேரு, நானும் அப்படித்தான் கூப்பிடுறேன். நான் உச்சிப்புளிக்காரன், ரெண்டு வருஷமா மாசம் ஒரு தடவையாவது பஸ் ஏறி இந்தக் கடைக்குப் போயிட்டு வாரேன், இதுவரைக்கும் முப்பது நாப்பது காசு வாங்கியிருப்பேன். நம்ம பக்கம் பழைய காசு வாங்கணும்னு நெனைக்கிறவங்க மொதல்ல இங்க போங்கன்னு சொல்லத்தான் இத எழுதுறேன். குறை இல்லாம இல்ல, அதையும் சொல்றேன்.

மொதல்ல நான் எப்படி இங்க வந்து சேந்தேன்னு சொல்லிடுறேன். ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு, சிப்பி மாலை விக்கிற இடத்துல ஒரு ஆளு துணி விரிச்சு பழைய காசு வச்சிருந்தாரு. அங்கதான் கடல்ல பக்தருங்க போடுற சில்லறைய அரிச்சு எடுக்குறவங்க இருக்காங்கல்ல, அதனால அங்க பழைய காசு கெடைக்கும்னு சொன்னா நம்புற மாதிரிதான் இருக்கும். நல்லா பெருசா ஒரு செம்புக் காசு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் ஈஸ்ட் இண்டியா கம்பெனி, ஒரு அணா, 1818னு போட்டிருந்துச்சு. சேதுக்கரையில மூழ்கி எடுத்ததுன்னாரு. 1500 ரூபா குடுத்து வாங்கிட்டேன். வீட்டுல சாமி படத்துக்கு முன்னாடி வச்சு அம்மா பூ எல்லாம் போட்டாங்க.

ஒரு மாசம் கழிச்சு கீழக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப கூட வந்த மச்சான் இந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். காக்கா அந்தக் காச கையில வாங்கிப் பாத்தாரு, லென்ஸ் கூட எடுக்கல. "தம்பி, கம்பெனிக்காரன் 1818ல ஒரு அணா காசே அடிக்கல, ஒரு அணா தனிக்காசா வந்ததே எட்வர்டு ராஜா காலத்துலதான், அதுவும் நிக்கல் கலந்தது, செம்பு இல்ல"ன்னாரு. சாமி படம் போட்ட காசு கம்பெனி அடிச்சதே இல்லையான்னு கேட்டேன், இருக்கு, மெட்ராஸ்ல மூணு சாமி வராகன்னு தங்கத்துல அடிச்சாங்க, சின்னதா இருக்கும், இந்த மாதிரி தட்டு சைஸ்ல செம்புல வர்றதெல்லாம் பிற்காலத்துல சாமி டோக்கனா அடிச்சதுன்னு சொன்னாரு. நான் எம்புட்டுக்கு வாங்குனேன்னு கேக்கவே இல்ல. சாமி படத்துக்கு முன்னாடி வைக்கிறதுன்னா வச்சுக்கிடுங்க, காசுன்னு மட்டும் யாருக்கும் வித்துடாதீங்கன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகவே மறுபடி போனேன்.

இப்ப கடையப் பத்தி. இங்க பிடிச்ச மொத விஷயம், காச கையில குடுத்து எடை போட்டுப் பாக்க விடுறாரு. பல எடத்துல கவர்ல போட்டு ஒட்டி வச்சிருப்பாங்க, பிரிச்சா வாங்கியே ஆகணும்பாங்க. இங்க தராசு வாங்குறவன் பக்கம் திருப்பி வச்சிருக்கு. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபா எடுத்தா அது 11.66 கிராம் நிக்கணும், அதுதான் ஒரு தோலா, நம்ம பாட்டிமாரு மருந்துக்கு ஒரு ரூபா எடைன்னு சொல்லுவாங்களே அதே எடைதான். நல்லா தேஞ்சதுன்னா 11.4, 11.3 வரைக்கும் எறங்கும். ஆனா எழுத்தெல்லாம் கூர்மையா புதுசு மாதிரி இருக்கு, எடை மட்டும் 10.5 காட்டுதுன்னா அந்தக் காச அப்படியே கீழ வச்சிட்டு வந்துடணும், வேற எதையும் பாக்க வேண்டியதில்ல. காந்தம் ஒன்னு நூல்ல கட்டித் தொங்கவிட்டிருக்காரு, வெள்ளி ஒட்டாது, ஒட்டுனா உள்ள இரும்பு. 1947 ரூபா மட்டும் ஒட்டும், புலி போட்டது, அது நிக்கல்ங்கறதால ஒட்டித்தான் ஆகணும், ஒட்டலைன்னாதான் சந்தேகம். இது எனக்கு அங்க போயித்தான் தெரியும்.

வெள்ளி ரூபா விஷயத்துல இன்னொன்னு, இது பணம் சம்பந்தப்பட்டது, கவனமா படிங்க. எங்க ஊர்ல ஒருத்தர்ட்ட நான் முன்னாடி ஆறாம் ஜார்ஜ் ரூபா ரெண்டு வாங்கியிருந்தேன், 1944ம் 1945ம், அஞ்சாம் ஜார்ஜ் ரூபா என்ன ரேட்டோ அதே ரேட்டு போட்டு. காக்கா அதப் பாத்துட்டு ஓரத்தக் காமிச்சாரு. பழைய ரூபாவுக்கு ஓரம் முழுக்க நேரா பல்லு பல்லா இருக்கும். 1940ல இருந்து வந்ததுக்கு ஓரத்துல நடுவுல ஒரு பள்ளம் ஓடும், அதுக்குள்ள ஒரு கோலம் மாதிரி வேலைப்பாடு இருக்கும். யுத்த காலத்துல வெள்ளிய மிச்சப்படுத்த பாதிக்குப் பாதி கலந்துட்டாங்க. பழைய ரூபாவுல வெள்ளி 91.7 சதவீதம், அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940ல இருந்து 50 சதவீதம், 5.83 கிராம்தான். வெள்ளி கிராம் 100 ரூபான்னு வச்சுக்கிட்டா ஒன்னுல 1069 ரூபா வெள்ளி இருக்கு, இன்னொன்னுல 583 ரூபாதான் இருக்கு, எடை ரெண்டும் ஒன்னு, சைஸ் ஒன்னு, பாக்க அண்ணந்தம்பி மாதிரி இருக்கும். நான் கிட்டத்தட்ட ரெட்ட வெல குடுத்திருக்கேன். விக்கிறவர் தெரிஞ்சே செஞ்சாரா தெரியாம செஞ்சாரான்னு எனக்குத் தெரியல, ஆனா அன்னையில இருந்து எந்த வெள்ளிக் காசு எடுத்தாலும் மொதல்ல ஓரத்தப் பாக்குறேன், அப்புறம் போன்ல அன்னைக்கு வெள்ளி ரேட்டப் பாத்து பெருக்கிக்கிடுறேன். அதுதான் அடி வெல, அதுக்குக் கீழ யாரும் தரமாட்டான், அதுக்கு மேல எம்புட்டு போகலாங்கறதுக்குத்தான் கண்டிஷன் பாக்கணும்.

கண்டிஷன் பாக்குறத காக்கா சொல்லிக் குடுத்த விதம் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1918 ரூபா மூணு எடுத்து வரிசையா வச்சாரு. 1918 ரொம்ப சாதாரண வருஷம், கோடிக்கணக்குல அடிச்சது, அதனால வருஷத்துக்காக ஒரு பைசா கூட யாரும் தரமாட்டாங்க, வித்தியாசம் பூரா கண்டிஷன்தான். மொத காசுல ராஜா தாடி மொழுமொழுன்னு இருந்துச்சு, புருவம் இல்ல, கிரீடத்துல இருக்கற கல்லெல்லாம் ஒரே பட்டையா ஆயிடுச்சு. ரெண்டாவதுல தாடியில முடி பிரிஞ்சு தெரியுது, ஆனா காதுக்கு மேலயும் கன்னத்து மேட்டுலயும் தேய்மானம். மூணாவதுல மார்புல தொங்குற சங்கிலியில இருக்கற குட்டி யானைக்குக் கூட தும்பிக்கை தெளிவா தெரிஞ்சுச்சு, காச லைட்டுக்குக் கீழ லேசா சாய்ச்சா வெளிச்சம் சக்கரம் சுத்துற மாதிரி ஓடுச்சு. மொதல்ல மேடான எடம்தான் தேயும், அதனால மேட்டப் பாரு, பள்ளத்துல என்ன இருக்குன்னு பாக்காதேன்னாரு. மொத காசுக்கு வெள்ளி வெலைக்கு மேல கொஞ்சம், ரெண்டாவதுக்கு அதுல ஒன்னே கால், மூணாவதுக்கு ரெண்டரை மடங்கு கேட்டாரு. நான் மூணாவதத்தான் எடுத்தேன். அந்தக் குட்டி யானைக்கு ஒரு கதை இருக்கு, 1911ல மொதல்ல அடிச்சப்ப தும்பிக்கை சின்னதா இருந்து பாக்க பன்னி மாதிரி இருக்குன்னு முஸ்லிம் ஜனங்க மனசு வருத்தப்பட்டு, அந்த ரூபாவ நிறுத்திட்டு 1912ல தும்பிக்கைய நீளமாக்கி அடிச்சாங்க, அதனால 1911க்கு வெல ஜாஸ்தி. அதனாலயே தேதிய சுரண்டி 1911 ஆக்குனதும் வரும். தேதியில 1911 இருந்து யானைக்கு நீளத் தும்பிக்கை இருந்துச்சுன்னா அது டூப்பு. கீழக்கரையில உக்காந்துக்கிட்டு அந்தக் கதைய அவர் வாயால கேட்டது எனக்கு மறக்காது.

கடைக்காரங்க இங்கிலீஷ் எழுத்துல விஎஃப், எக்ஸ்எஃப், யுஎன்சின்னு சொல்லுவாங்க, அது என்னமோ பெரிய பரீட்சை மார்க் மாதிரி தோணும். விஎஃப்னா தேஞ்சிருக்கு ஆனா முக்கியமான கோடெல்லாம் நிக்குது, எக்ஸ்எஃப்னா மேட்டுல மட்டும் லேசா தேய்மானம், யுஎன்சின்னா கைமாறவே இல்ல. இந்த ஒவ்வொரு படிக்கும் வெல ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்குன்னு ஏறுறதாலதான் விக்கிறவங்க ஒரு படி கூட்டிச் சொல்றாங்க. அவர் சொல்ற எழுத்த விட்டுட்டு நம்ம கண்ணால மேட்டப் பாத்து, அதுக்கு ஒரு படி கீழ வச்சு வெல கேட்டாலே பாதி தப்பு வராது. அச்சு சரியா விழாம மங்கலா இருக்கறதும் உண்டு, அது தேய்மானம் இல்ல, ஆனா வாங்குற எனக்கு ரெண்டும் ஒன்னுதான், தெரியலைன்னா தெரியலைதான், வெல கொறையணும்.

அடுத்தது பாலீஷ். இது நம்ம வீடுகள்ல நடக்குற பெரிய பாவம், உண்மையாவே சொல்றேன். எங்க ஆத்தா தகர டப்பால சிலோன் காசு வச்சிருந்தாங்க. தாத்தா அந்தக் காலத்துல தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குக் கப்பல்ல போயிட்டு வந்து யாவாரம் பண்ணவரு, 1964 புயலோட அது நின்னு போச்சு. மரம் போட்ட செண்டு காசு இருவது முப்பது இருந்துச்சு, எல்லாம் நல்ல சாக்லேட் கலர்ல இருந்துச்சு. நான் காசு சேக்குறேன்னு தெரிஞ்சதும் எங்க அம்மா பாசமா ஒரு நாள் பூரா உக்காந்து புளி போட்டு தேச்சு, வெள்ளிக் காசுக்கு விபூதி போட்டு தேச்சு, பளபளன்னு தட்டுல வச்சுக் குடுத்தாங்க. நான் ஒன்னும் சொல்லல. காக்காகிட்ட கொண்டு போனப்ப லென்ஸ்ல காமிச்சாரு, ஆயிரம் கீறல், எல்லாம் ஒரே பக்கமா ஓடுது, வெள்ளிக் காசு தட்டு மாதிரி பளிச்சுன்னு அடிக்குது ஆனா வெளிச்சம் சுத்தல. செம்பு சால்மன் மீன் சதை கலர்ல கெடந்துச்சு. சேக்குறவன் வாங்கமாட்டான், பாதி வெல கூட வராதுன்னாரு. நூறு வருஷத்துல தானா வர்ற அந்தக் கருப்பும் காவியும்தான் காசுக்குத் தோலு, தோல உரிச்சிட்டா திரும்ப வராது. அதனால வாங்கப் போறப்ப ரொம்ப பளபளன்னு இருக்கற பழைய செம்புக் காசு எதையும் நான் எடுக்குறதில்ல, மண்ணு ஒட்டியிருந்தா கூட பரவாயில்ல, வீட்டுல வந்து டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சா போதும், தேய்க்கவே கூடாது.

நம்ம கடக்கரை ஆளுங்களுக்குன்னு ஒரு தனி பிரச்சனை இருக்கு, களிம்பு. மதுரைக்காரனுக்கு இது இம்புட்டு தெரியாது. நம்ம காத்துல உப்பு இருக்கு, ஈரம் இருக்கு. செம்புக் காசுல உப்பு ஏறிடுச்சுன்னா அது உள்ளயே இருந்து அரிக்கும், வெளிர் பச்சையா மாவு மாதிரி பூக்கும், தொடச்சா போயிடும், பத்து நாள்ல மறுபடி பூக்கும், கொஞ்ச நாள்ல அந்த எடத்துல குழி விழுந்துடும். பக்கத்துல இருக்கற காசையும் பிடிக்கும்னு சொல்லுவாங்க, நான் ஒதுக்கியே வச்சிடுறேன். இன்னொரு பச்சை இருக்கு, கரும்பச்சையா கெட்டியா பாலிஷ் போட்ட கல்லு மாதிரி, அது நல்ல பச்சை, காச காப்பாத்துது, சில பேரு அதுக்கு கூட வெல குடுப்பாங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க காக்கா ஒரு பல்லுகுத்தி வச்சிருக்காரு. பச்சை மேல லேசா குத்தி இழுத்தா மாவா உதிர்ந்தா கெட்டது, குச்சி வழுக்கிட்டுப் போச்சுன்னா நல்லது. அவரே அப்படிக் குத்திக் காமிச்சு மூணு காச "இது வேணாம் தம்பி, உங்களுக்கு வீடு கடக்கரைப் பக்கம், ஒரு மழைக்காலம் தாங்காது"ன்னு எடுத்து உள்ள வச்சாரு. விக்க வேண்டியவர் அவரு! அவர் பீரோவுல மருந்து டப்பா, ஷூ டப்பாவுல வர்ற அந்த சிலிக்கா பொட்டலம் மூலைக்கு மூலை கெடக்கும், நானும் இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன்.

இப்ப சேது காசு கதை. இதுக்காகத்தான் நான் காசு சேக்கவே ஆரம்பிச்சேன்னு சொல்லலாம். ஒரு பக்கம் நிக்கிற ராஜா, இன்னொரு பக்கம் படுத்திருக்கற நந்தி, மேல பிறை, கீழ தமிழ்ல சேதுன்னு எழுத்து. நம்ம ஊர்ல எல்லாரும் இது சேதுபதி ராஜா அடிச்சதுன்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசம் போயிட்டு வந்த நாள்ல இருந்து ஒன்னாவது வாங்கணும்னு இருந்துச்சு. ஆனா காசு ஆராய்ச்சி பண்றவங்க இத யாழ்ப்பாணத்துல ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளோடதுன்னு வைக்கிறாங்க, சேதுங்கறது அவங்களுக்கும் அடையாள வார்த்தை மாதிரி, சேதுகாவலன்னு அவங்களுக்கும் பட்டம் உண்டு. நடுவுல இருக்கறது கொஞ்சம் கடல்தானே, காசுக்கு அது ஒரு தூரமா.

காக்கா நாலு சேது காசு வச்சிருந்தாரு. எல்லாம் கையால அச்சு வச்சு சுத்தியலால அடிச்சது, அதனால காச விட அச்சு பெருசா இருக்கும், எது உள்ள விழுந்துச்சு எது வெளிய போச்சுங்கறதுதான் வெல. அந்தக் காலத்து எழுத்துல சேவுக்கு ஒத்தைக் கொம்புதான், அதனால கொம்பு, ச, து, மூணும் காசுக்குள்ள இருக்கான்னு பாக்கணும். மொத காசுல நந்தி அழகா இருந்துச்சு, எழுத்து பூரா கீழ விளிம்புக்கு வெளிய போயிடுச்சு. ரெண்டாவதுல எழுத்து மூணும் இருந்துச்சு, ஆனா ராஜா பக்கம் ஒன்னுமே தெரியல, வெறும் மேடு. மூணாவது எல்லாமே இருந்துச்சு, நான் ஆசையா எடுத்தேன், எடை போட்டா கொஞ்சம் கொறைஞ்சு காட்டுச்சு, விளிம்ப லென்ஸ்ல பாத்தா சுத்திலும் மெல்லிசா ஒரு கோடு ஓடுது, எழுத்தோட ஓரம் சோப்பு மாதிரி வழவழன்னு, நடுவுல ஊசி குத்துன மாதிரி ரெண்டு மூணு ஓட்டை. வார்ப்பு. அடிச்ச காசுக்கு இந்த ஓட்டை வராது, ஊத்துனதுக்குத்தான் காத்துக் குமிழி வரும். நான் ஒன்னும் சொல்லாம அவரப் பாத்தேன், அவரு சிரிச்சிட்டு, "பாத்துட்டீங்களா, அது விக்கிறதுக்கு இல்ல, கண்ணு பழகுறதுக்கு வச்சிருக்கேன்"னாரு. அத தனியா எடுத்து உள்ள வச்சிட்டாரு. இந்த விஷயத்துல எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, நல்ல காசோட கலந்து வச்சிருக்கக் கூடாது, என்னை மாதிரி பாக்காம எவனாவது கேட்டிருந்தா தடுத்திருப்பாருன்னு நான் நம்புறேன், ஆனாலும் தனியாத்தான் வைக்கணும். அவருகிட்டயே நேர்ல சொல்லிட்டேன்.

நாலாவதத்தான் எடுத்தேன். நந்தி முழுசா, பிறை பாதி, எழுத்துல ச, து ரெண்டும் நல்லா இருக்கு, கொம்பு மட்டும் விளிம்புல வெட்டுப்பட்டு வால் மட்டும் தெரியுது. பச்சை இல்ல, கரும்பழுப்பு. 900 கேட்டாரு. கொம்பு வெட்டுப்பட்டிருக்கேன்னேன். அதனாலதான் 900, முழுசா இருந்தா 1500ன்னாரு. அப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன், இத நீங்க யாரும் காசு வாங்கப் போறப்ப கண்டிப்பா கேளுங்க: "காக்கா, இதையே நான் நாளைக்குக் கொண்டு வந்தா எம்புட்டுக்கு எடுப்பீங்க?" அவரு யோசிக்கக்கூட இல்ல, 600ன்னாரு. மூணுல ரெண்டு பங்கு. கடை வச்சு நடத்துறவருக்கு அந்த வித்தியாசம் வேணும், நியாயம்தான். இதே கேள்விய வேற எடத்துல கேட்டா பேச்ச மாத்துவாங்க, இல்லன்னா இத வச்சுக்கிடுங்க நாளைக்கு லட்சம் போகும்பாங்க. லட்சம் போகும்னு சொல்றவரு ஏன் 900க்கு விக்கிறாரு? கடைசியா 800க்கு முடிஞ்சது. இப்பவும் என் மேஜை டிராயர்ல அட்டை ஹோல்டர்ல இருக்கு, வாரத்துக்கு ஒரு தடவ ஓரத்தப் பிடிச்சு எடுத்துப் பாப்பேன்.

மத்த காசுங்க விஷயமா சுருக்கமா சொல்றேன். ராஜராஜ சோழன் செம்புக் காசு கேட்டதும் ஆயிரம் வருஷம் பழசாச்சேன்னு நமக்கு நெஞ்சு படபடங்கும், ஆனா அது இலங்கையிலயும் இங்கயும் குவியல் குவியலா கெடச்சது, சாதாரணமா இருக்கறது இங்க 200, 250க்கு கெடைக்கும். ஆயிரம் வருஷம் பழசு 200 ரூபா, எழுவது எண்பது வருஷம் பழசு 2000 ரூபா, இது நடக்கும். வயசுக்கு வெல இல்ல. டச்சுக்காரன் காசும் நெறய, அவங்களுக்கு கீழக்கரையிலயே கிடங்கு இருந்துச்சு, கம்பெனி முத்திரையில விஓசின்னு இருக்கறதப் பாத்துட்டு சில பேரு வ.உ.சி. ஐயா கப்பல் கம்பெனி காசுன்னு நம்பி வாங்குறாங்க, அது டச்சு ஈஸ்ட் இண்டியா கம்பெனி, காசுலயே பெரும்பாலும் 17னு ஆரம்பிக்கிற வருஷம் போட்டிருக்கும், அதுலயே தெரிஞ்சிடும். 1808 வருஷம் போட்ட மெட்ராஸ் பத்து காசு ஒன்னு காக்காகிட்ட பாத்தேன், மேலெல்லாம் பொரிஞ்சு போயிருந்துச்சு. இங்கிலாந்துல அடிச்சு மெட்ராஸுக்கு ஏத்தி அனுப்புன கப்பல் 1809 ஜனவரியில அந்த ஊரு கரையை விட்டு தாண்டுறதுக்குள்ளயே மணல்திட்டுல மோதி மூழ்கிடுச்சு, அட்மிரல் கார்ட்னர்னு பேரு, 1980கள்ல அத மேல எடுத்தாங்க, காசு லட்சக்கணக்குல வெளிய வந்துச்சு. அதனால அந்த வருஷக் காசு கடல் அரிச்ச மாதிரி இருந்தா அரிய பொருள்னு சொல்லி யாராவது ஏத்தி விட்டா நம்பாதீங்க. காக்கா கேட்டது 400.

குறைகள் இப்ப. ஒன்னு, கவர். மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் கவர்ல காசு போட்டுக் குடுக்குறாரு, அது நாளாக நாளாக ஒட்டுற மாதிரி பச்சையா ஒரு பிசுக்கு விடும், நம்ம ஊர் வெயிலுக்கு இன்னும் சீக்கிரமா. வீட்டுக்கு வந்த உடனே மாத்திடுங்க, அட்டை ஹோல்டர் இல்லன்னா நல்ல கெட்டியான வட்ட டப்பா. நான் சொன்னதுக்கு அப்புறம் வெள்ளிக்கு மட்டும் மாத்திருக்காரு, செம்புக்கு இன்னும் மாத்தல. ரெண்டு, சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த காசு ரேட்டு. இதுல அவரு தடுமாறுறாரு, யாரோ நெட்ல கேக்குற வெலையப் பாத்து அப்படியே சொல்றாரு. கேக்குற வெல வேற, வித்த வெல வேற. ஏலத்துல முடிஞ்ச வெலையத்தான் பாக்கணும், அதுலயும் கமிஷன் சேத்திருக்கான்னு பாத்துக்கணும். இந்தக் காசுங்களுக்கு வருஷத்துக்குக் கீழ பாருங்க, மும்பைக்கு டைமண்டு, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கல்கத்தாவுக்கு ஒன்னுமே இருக்காது, ஒரே வருஷத்துல ஒரு ஊரு காசு நெறய இருக்கும் இன்னொன்னு கொறைய இருக்கும், அத அவரு பிரிச்சு வைக்கிறதில்ல, எல்லாம் ஒரே டப்பா. அதனால அந்தப் பக்கம் நான் வாங்குறதில்ல. மூணு, பில்லு கேட்டாத்தான் எழுதுறாரு. கேளுங்க. காசு பேரு, எடை, வெல, தேதி எழுதி வாங்கிக்கிடுங்க, நாளைக்கு விக்கிறதுக்கும் வேணும்.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். போன மழைக்கு அப்புறம் ஒரு பையன் அழகன்குளம் பக்கத்துல இருந்து கை நெறய சின்னச் சின்ன செம்புக் காசு மண்ணோட கொண்டு வந்தான். நான் கடையில இருந்தேன். அழகன்குளத்துல வைகை கடல்ல சேர்ற எடத்துல தொல்லியல்துறை தோண்டி ரோமானியக் காசெல்லாம் எடுத்த எடம், பழைய துறைமுகம், எல்லாருக்கும் தெரியும். எனக்கு கை பரபரன்னுச்சு. காக்கா தொடவே இல்ல. "வாப்பா, மண்ணுக்குள்ள கெடச்சது கலெக்டருக்கு சொல்லணும், 1878லயே சட்டம் போட்டிருக்கு, இத நான் வாங்குனா நாளைக்கு அந்த எடமே தோண்டிப் போட்டு ஒன்னும் தெரியாமப் போயிடும்"னு சொல்லி அவன் ஊர் விஏஓகிட்ட குடுக்கச் சொல்லி அனுப்பிட்டாரு. அவன் மொகம் வாடிப் போச்சு, பஸ்ஸுக்கு காசு குடுத்து அனுப்புனாரு. துபாய், கொழும்பு, மலேசியான்னு சொந்தக்காரங்க இருக்கற ஊரு இது, ஊருக்குப் போறப்ப பரிசா ஒரு பழைய காசு எடுத்துட்டுப் போறேன்னு வர்றவங்ககிட்டயும் நூறு வருஷத்துக்கு மேல பழசு வெளிநாட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, 1972 சட்டம்னு சொல்லி புதுக் காசு எடுத்துக் குடுக்குறாரு. யாவாரம் போனாலும் போகட்டும்னு இருக்கற ஆளு.

எங்க சித்திக்கு போன வருஷம் ஒரு போன் வந்துச்சு, வைஷ்ணோ தேவி படம் போட்ட 10 ரூபா காசு இருந்தா அஞ்சு லட்சம், மொதல்ல வரி கட்டணும் 3000 அனுப்புங்கன்னு. அனுப்பப் போற நேரத்துல நான் வீட்டுல இருந்தேன். அந்தக் காசு 2012ல வந்தது, நம்ம கையில சாதாரணமா பொழங்குனது. ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்டுல அறிக்கை விட்டுச்சு, எங்க பேரச் சொல்லி பழைய காசு வாங்குறோம்னு கமிஷன், வரி கேட்டா நம்பாதீங்கன்னு. சித்திய கூட்டிட்டுப் போய் காக்கா கடையிலயே கேக்க வச்சேன், அந்தக் காசு அவரு 20 ரூபாய்க்கு ஒரு டப்பா நெறய வச்சிருந்தாரு. சித்தி அத நேர்ல பாத்த அப்புறம்தான் நம்புனாங்க. அரிசிய இழுக்குற காசு, இரிடியம் காசுன்னு நம்ம ஜில்லாவுல நெலத்த வித்தவங்க கதை எல்லாரும் கேட்டிருப்போம், அப்படி ஒரு காசே உலகத்துல கெடையாது, அதக் கேட்டுட்டு யாராவது கடைக்கு வந்தா காக்கா டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு பேசி அனுப்புவாரு.

போறவங்களுக்கு: வெள்ளிக்கெழம மதியம் தொழுகைக்கு மூடிடுவாரு, நாலு மணிக்கு மேல போங்க. கூட்டம் இருக்கற சனிக்கெழம சாயங்காலம் போனா நின்னு பாக்க முடியாது. பகல்ல போனா வாசப்பக்கம் வெளிச்சத்துல காச சாய்ச்சுப் பாக்கலாம், அந்தக் குண்டு பல்பு வெளிச்சத்துல செம்பு எல்லாமே அழகாத்தான் தெரியும். ஜிபே இருக்கு. சொந்தமா ஒரு பத்து மடங்கு லென்ஸ் கொண்டு போங்க, அவரோடது கீறல் விழுந்து போச்சு.

நேத்து போன் பண்ணியிருந்தாரு. 1815 சிலோன் யானைக் காசு ஒன்னு ஒரு பழைய வீட்டுல இருந்து வந்திருக்காம், யானை நல்லா இருக்கு, ஆனா பின்பக்கம் ராஜா காதுக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி தெரியுது, குச்சி போட்டுப் பாக்காம உங்ககிட்ட வெல சொல்லமாட்டேன், நேர்ல வாங்கன்னாரு. ஞாயித்துக்கெழம காலையில போறேன்.